பாயம்மா எழுதிய உள்பக்கம்

போன மாதம் என் வேனைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிட்டேன். இன்ஜின் போய், தரை துருப்பிடித்து, எஃப்.சி.க்குக் கொண்டு போகவே வெட்கமாக இருந்த வண்டி. அதற்காக உட்கார்ந்து அழுகிற ஆள் நானில்லை. ஆனால் காயலான் கடை பச்சமுத்து சுத்தியலைத் தூக்கிக்கொண்டு முன்கண்ணாடிப் பக்கம் போனபோது எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அதன் மேல் கை வைத்தால் நடக்கிறதே வேறு என்றேன். பழைய கண்ணாடியை வைத்துக்கொண்டு முகம் பார்க்கப் போகிறாயா என்று சிரித்தான். சிரித்ததற்கும் சேர்த்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். பிறகு அவனே ரப்பரை நெம்பி, கண்ணாடியை முழுசாகக் கழற்றி, கோணியில் சுற்றிக் கொடுத்தான்.

நான் சேட்டு. பெயரைக் கேட்டுவிட்டு வட்டிக்கடைக்காரன் என்று நினைக்க வேண்டாம். காவாந்தண்டலத்தில் நெல் போடுகிற குடும்பம் எங்களுடையது. நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார், நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். உத்திரமேரூர் வேன் ஸ்டாண்டில் என் கோபத்துக்கு நல்ல பெயர் உண்டு. டீ ஆறிப்போனால்கூட ஊரைக் கூட்டுவேன். அந்தக் கோபத்தைக் கொஞ்சம்கூட மதிக்காத ஒரு ஆள் இருந்தார். பெயர் சாய்ரா. ஸ்டாண்டில் எல்லோருக்கும் பாயம்மா. அவர் எழுதிய எழுத்துதான் அந்தக் கண்ணாடியில் இருக்கிறது.

ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் அவர் வீட்டுக்காரர் லுக்மான் பாய் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுவது, படத்துக்குச் சட்டம் போடுவது, பீரோ கண்ணாடி மாற்றுவது. பாய் வெட்டுவார், பாயம்மா அதில் வண்ணம் தீட்டுவார். பூஜை அறைக் கதவுக்குத் தாமரை, ஹால் ஜன்னலுக்கு மயில், கல்யாண மண்டபத்துக்கு முழுநீள வாழைமரம் எல்லாம் அவர் கைதான். கண்ணாடியில் பெயின்ட் அடிப்பது யார் வேண்டுமானாலும் செய்யலாம். அது நிற்க வேண்டுமே. சுவரும் மரமும் பெயின்ட்டைக் குடித்துக்கொள்ளும், கண்ணாடி குடிக்காது. வெயிலில் காய்ந்து மழையில் நனைந்தால் அப்பளம் மாதிரி எழும்பி வந்துவிடும். பாயம்மா அடித்தது எழும்பாது. கடையின் கண்ணாடிக் கதவில் பச்சை எழுத்தில் மஞ்சள் ஓரம் கட்டி, 'லுக்மான் கண்ணாடிக் கடை' என்று அவர்தான் எழுதியிருந்தார். எத்தனை வருஷத்து வெயிலும் மழையும் அந்தக் கதவில் அடித்திருக்கும். ஒரு புள்ளி உரியவில்லை.

பாய் செத்தது ரோட்டில். மொபெட்டில் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு மாகறலில் ஒரு வீட்டுக்குப் போனவர், வளைவில் லாரி அடித்து அங்கேயே போய்விட்டார். கண்ணாடி தெறித்துப் பக்கத்து வயல் சேற்றில் விழுந்து ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் நானும் ஒருவன். பாயம்மா அந்தக் கண்ணாடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. காலையில் நாஷ்டா சாப்பிடாமல் போய்விட்டார் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு காஞ்சிபுரத்திலிருந்து அவருடைய அண்ணன் முபாரக் பாய் வந்தார். நல்ல மனுஷர். கடையை மூடிவிட்டுக் குழந்தை வகிதாவோடு தன் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னார். வேன் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை தனியாகக் கடை நடத்துவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பாயம்மா ஆயுத பூஜை வரைக்கும் தவணை கேட்டார். அதற்குள் கடை காலூன்றி நின்றால் நிற்கட்டும், இல்லையென்றால் தானே பூட்டிச் சாவியைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். மூடினால் அடுத்து வருகிறவன் முதல் வேலையாகப் பிளேடை எடுத்துக் கதவில் இருக்கிற பெயரைச் சுரண்டுவான். அது ஒன்றுதான் அவருக்குத் தாங்கவில்லை. அண்ணனிடம் அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. என்னிடம் மட்டும் ஒரு தடவை சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் நான் என் வேனை எடுத்தேன். எங்களுக்குக் குலதெய்வம் திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள். முன்கண்ணாடியின் மேல் பட்டையில் 'விஜயராகவன்' என்று பெரிசாக எழுதிவிட்டுத்தான் முதல் சவாரி என்று இருந்தேன். நேராகப் பாயம்மாவிடம் போனேன். வண்டியில் எழுதுவது அவருக்கு அதுதான் முதல் தடவை. சாக்பீஸ் தூளைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தார், பேப்பரால் துடைத்தார், ஸ்பிரிட் போட்டு மறுபடி துடைத்தார். கடைசியில் ஸ்டூல் மேல் ஏறிக் கண்ணாடியில் வாயால் ஊதினார். ஊதிய ஆவி திட்டுத்திட்டாகப் படிந்தால் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தமாம், ஒரே சீராகப் படிந்தால்தான் பிரஷ்ஷைத் தொடுவாராம். சாயங்காலம் முதல் பூச்சு. ராத்திரி காய்ந்து, மறுநாள் ரெண்டாவது பூச்சு. நடுவில் யாரும் கை வைக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

எழுத்து அவ்வளவு அழகாக வந்தது. முதல் மழை வரைக்கும்தான் அந்த அழகு. மதுராந்தகத்துக்கு ஒரு சவாரி போய்விட்டு மழையில் திரும்பி வந்து இறங்கிப் பார்க்கிறேன், பெருமாள் பெயரில் பாதியைக் காணோம். வைப்பர் ஓரத்தில் தோல் தோலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்டாண்டில் பேச்சுக்குக் கேட்கவா வேண்டும். பெருமாளே இறங்கிப் போன வண்டி என்றார்கள். துலுக்க வீட்டு அம்மா எழுதினால் சாமி எப்படி நிற்கும் என்றும் ஒருத்தன் சொன்னான். அவன் வாயை அன்றைக்கே அடைத்துவிட்டேன். ஆனால் கல்யாணத்துக்குப் பேசியிருந்த ஒரு பார்ட்டி வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

போய்க் கத்தினேன். முபாரக் பாயும் அப்போது கடையில்தான் இருந்தார். பாயம்மா என் கத்தலைக் காதிலேயே வாங்கவில்லை. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறி, உரிந்த இடத்தை நகத்தால் தடவிக்கொண்டே நின்றார். பெயின்ட் போன இடமெல்லாம் வட்ட வட்டமாக, விரல் நுனி அளவுக்கு ஆரம்பித்திருந்தது. தண்ணீர் அந்த ஓட்டை வழியாகப் புகுந்துதான் எழுத்தையே தூக்கியிருக்கிறது.

“இது மய பண்ணது இல்லணா. வெரலு பண்ணது. யாரு தொட்டாங்க?”

யாரும் தொடவில்லை என்று சத்தியம் செய்தேன். என் வண்டியை என்னைத் தவிர எவன் தொடுவான் என்று அதற்கும் ஒரு கத்து. அவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். அண்ணனை ஒரு தடவை பார்த்தார், கதவை ஒரு தடவை பார்த்தார்.

“இன்னொரு தபா எயுதறேன். அதுவும் உரிஞ்சா கடைய மூடிக்கினு போயிடறேன்.”

முபாரக் பாய் தலையாட்டினார். எனக்குத்தான் சட்டென்று கோபம் இறங்கிப்போய் ஒரு மாதிரியாகிவிட்டது.

பழசையெல்லாம் சுரண்டி, மறுபடி தேய்த்து, ஊதி, சாயங்காலம் முதல் பூச்சு அடித்தார். வண்டியைக் காவாந்தண்டலத்துக்கு ஓட்டி வந்து வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் படுத்தேன். காலையில் பேச்சுக் குரல் கேட்டு வெளியே வந்தால், பாயம்மா முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து என் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கிறார். தூக்கம் வரவில்லையாம். என் வீட்டுக்காரி பவளம் அவருக்குக் காபி கொடுத்துவிட்டு, தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தாள்.

பவளத்தின் வேலை என்னவென்று சொல்ல வேண்டும். நான் முன்னே வேறொருத்தர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மழைநாளில் செய்யாற்றுப் பாலத்துக்கிட்டே கவிழ்ந்து, தோள்பட்டை பெயர்ந்து பிழைத்து வந்தேன். அன்றிலிருந்து நான் எந்த வண்டியை எடுத்தாலும் அவள் விடியற்காலையில் குளித்து, விளக்கில் நல்லெண்ணெய் விட்டுத் திரியைத் தூண்டி, அதே கையால் சந்தனத்தைக் குழைத்து, முன்கண்ணாடியின் மேல்பக்கம் வரிசையாகப் பொட்டு வைத்துக் குங்குமம் இடுவாள். நான் வண்டியைக் கழுவும்போது ஈரத்துணியால் மற்ற அழுக்கோடு அதையும் சேர்த்துத் துடைத்துவிடுவேன். தினமும் நடக்கிற காரியம். பல் விளக்குவது மாதிரி. யார் தொட்டார்கள் என்று கேட்டால் அது எனக்கு எப்படி ஞாபகம் வரும்?

பாயம்மா காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். பவளம் எண்ணெய் விரலால் முதல் பூச்சின் மேலேயே அழுத்தி அழுத்திப் பொட்டு வைத்துக்கொண்டு போனாள். சந்தனம் துடைத்தால் போய்விடும். எண்ணெய் போகாது. அதன் மேல் ரெண்டாவது பூச்சு அடித்தால் அது எங்கே பிடிக்கும். எனக்கே புரிந்துவிட்டது, வாயைத் திறக்கப் போனேன். பாயம்மா கையைக் காட்டி அடக்கிவிட்டு, நன்றாக வைக்கிறாய் தாயி, தினமும் வை என்று பவளத்திடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

ஊர் எல்லை தாண்டும் வரைக்கும் நான் பொறுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பொரிந்து தள்ளினேன். இவளால் பெருமாள் பெயர் போனது, சவாரி போனது, ஒரு கடையே மூடுகிற நிலைமைக்கு வந்துவிட்டது, இன்றைக்கு வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன் கச்சேரியை என்றேன். பாயம்மா கடைசி வரைக்கும் கேட்டார்.

“அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணியும் சொல்லாதீங்கணா. நீங்க வண்டிய எடுத்துக்கினு போனா, திரும்பி வர்ற வரைக்கும் அது கையில கீறது அந்தப் பொட்டு ஒண்ணுதான். அத்த வாணாம்னு நான் சொல்லுவனா? எனுக்கு அன்னிக்கி அது கூட இல்ல.”

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். மாகறல் வளைவு வந்தபோது அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பிரேக்கில் கால் வைத்து மெதுவாகக் கடந்தேன். வளைவு தாண்டியதும் அவரே பேசினார்.

“வெளிப்பக்கம் அதுக்கு வுட்ருவோம். நான் உள்ள பூந்து எயுதிக்கிறேன்.”

அப்படித்தான் அந்த வேலை ஆரம்பித்தது. வெளியே அடித்திருந்த பூச்சை முதலில் சுரண்டி எடுத்தார். கண்ணாடிக்கு உள்பக்கமாக எழுதினால் மழையும் படாது, வைப்பரும் படாது, பொட்டும் படாது. ஆனால் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். வெளியே இருந்து படிக்கிறவனுக்கு நேராகத் தெரிய எழுத்தை உள்ளே திருப்பி எழுத வேண்டும், வலப்பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எப்படிக் கை வரும் என்று கேட்டேன். சின்ன வயசில் மதரஸாவில் அரபி எழுதிய கைக்கு வலப்பக்கம் புதுசா என்று சிரித்தார். பாய் போன பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பூச்சும் தலைகீழ்தான். வெளியே பூசும்போது எழுத்து பளபளக்கக் கடைசியில் போடுகிற மினுக்குக் கோட்டை இங்கே முதலில் போட்டார். பிறகு மஞ்சள், பிறகு சிவப்பு ஓரம், எல்லாவற்றுக்கும் பின்னால் முழுப் பட்டைக்கும் கறுப்பு. ஒவ்வொன்றும் மெல்லிசாக, ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. கதவையெல்லாம் திறந்துபோட்டு வண்டியை வெயிலில் நிறுத்தினோம். கடைசியில் வார்னிஷ். அந்த வார்னிஷ் வாசனை இன்றைக்கும் எங்கேயாவது அடித்தால் நான் அந்த வெயிலுக்கே போய்விடுகிறேன்.

வேலை முடிந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். தலைக்கு மேலே கறுப்புப் பட்டை. அதில், என் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, சின்ன வெள்ளை எழுத்து: 'பார்த்துப் போங்க அண்ணா. வீட்ல காத்திருப்பாங்க.' வார்னிஷ்ஷுக்கு முன்னால் எப்போது எழுதினாரோ தெரியவில்லை. நான் கால் வந்த மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டு இறங்கி அந்தப் பக்கம் போய்விட்டேன். எனக்கு அழுகை வந்தால் யாருக்கும் தெரியக்கூடாது.

ஆயுத பூஜை வந்தது. முபாரக் பாய் சாமான் ஏற்ற ஒரு டெம்போவோடு வந்து நின்றார். எங்கள் ஸ்டாண்டில் ஆயுத பூஜை என்றால் வண்டி வண்டியாகவே தெரியாது. பவளம் ஊரிலிருந்து வந்து, கிண்ணம் நிறையச் சந்தனத்தைக் குழைத்து, பெருமாள் பெயர் மேலேயே அப்பு அப்பென்று அப்பினாள். கற்பூரம், பூசணிக்காய், குடம் குடமாகத் தண்ணீர். பாயம்மா தன் கடைக் கதவைப் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். அன்று பிடித்த மழை மறுநாள் முழுக்க விடவில்லை. அதற்கு அடுத்த நாள் காலையில் ஸ்டாண்டே என் வண்டிக்கு முன்னால் கூடியது. சந்தனமெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. விஜயராகவன் ஒரு முடி அசையாமல் இருந்தார். முபாரக் பாயும் வந்து கைவிரலால் தடவிப் பார்த்தார். தடவியது வெளிப்பக்கம், விரலில் என்ன வரும். பிறகு தங்கச்சி கையால் நாஷ்டா சாப்பிட்டுவிட்டு வெறும் டெம்போவோடு காஞ்சிபுரம் போனார்.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பாயம்மா எழுதாத வண்டி உண்டா? மினி பஸ், ஸ்கூல் வேன், ஷேர் ஆட்டோ எல்லாம் பின்தெருவில் வரிசை கட்டின. வீட்டு ஜன்னலுக்கும் உள்பக்கமே எழுத ஆரம்பித்தார், வெளிப்பக்கம் கழுவுகிறவர்கள் இஷ்டத்துக்குக் கழுவிக்கொள்ளட்டும் என்று. வண்டி என்றால் டிரைவருக்கென்று உள்ளே ஒரு வரி கட்டாயம் இருக்கும். ஆளுக்குத் தகுந்த மாதிரி. ஸ்கூல் வேன் ஓட்டுகிற பெஞ்சமினுக்கு, பின்னால் இருப்பது ஊரார் பிள்ளைகள் என்று. தண்ணி போடுகிற பாண்டியனுக்கு, குடிச்சிருந்தா இப்பவே எறங்கிடு என்று. பாண்டியன் அதைச் சுரண்டப் பார்த்தான். பாயம்மா எழுதியதைச் சுரண்டுவதா, பிளேடுதான் உடைந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் அவன் ஒரு வாரம் ஸ்டாண்டுக்கே வரவில்லை. எவ்வளவு நல்ல நாட்கள். மத்தியானம் சவாரி இல்லாவிட்டால் அவர் எழுதுகிற வண்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு வம்பு வளர்ப்பேன். ஊதும்போது சிரிக்க வைக்காதீர்கள் என்று திட்டுவார். நோன்பு மாதத்தில் ஸ்டாண்டுக்கே கஞ்சி வரும்.

பவளம் ஒவ்வொரு அறுப்புக்கும் முதல் அரிசியில் பாயம்மாவுக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுவாள். ஏன் என்றால், கொடுக்கணும்னு தோணுது என்பாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. பாயம்மாவிடம் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். என் வாயில் தங்கிய ஒரே ரகசியம் அதுதான். கோபம் வந்தபோதெல்லாம், உன் விரலால் ஒரு கடையே மூடியிருக்கும் தெரியுமா என்று நுனிநாக்கு வரைக்கும் வந்து, விழுங்கியிருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

போன ரம்ஜானுக்கு முந்தி பாயம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. கடையை இப்போது வகிதா நடத்துகிறாள், அம்மா மாதிரியே ஊதி ஊதித்தான் எழுதுகிறாள். கதவில் லுக்மான் பெயர் அப்படியே இருக்கிறது.

கண்ணாடிக்கு வருகிறேன். கோணியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, வெங்கடேசன் ஆசாரியைக் கூப்பிட்டு, ஹால் ஜன்னலுக்குச் சட்டம் போடச் சொன்னேன். வளைந்த கண்ணாடிக்கு எவனாவது ஜன்னல் வைப்பானா என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டார். பெருமாள் பெயர் தெருவைப் பார்க்க வேண்டும் என்று பவளம் சொல்லிவிட்டாள். அதனால் டிரைவர் பக்கம் வீட்டுக்குள் வந்தது. ஆசாரி போன பிறகு அவள் துடைப்பத்தோடு ஹாலுக்குள் வந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த வண்டியில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. அந்தச் சின்ன எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் படித்தாள்.

இனிமேல் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லக்கூடாது என்றவரே போய்விட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு விஷயம், கோபித்துக்கொள்ளாதே, அந்த முதல் தடவை பெருமாள் பெயர் உரிந்ததே என்று ஆரம்பித்தேன்.

“என் வெரலாலதான். தெரியும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படித் தெரியும் என்றேன்.

“அன்னிக்கி காத்தால வந்து காபி குடிச்சாங்களே, என் வெரலையே பாத்துக்கினு இருந்தாங்க. நானும் என் வெரல பாத்தேன். எண்ண. திட்டப் போறாங்கன்னு நின்னேன். தெனம் வெய்யின்னுட்டு போனாங்க. அதுக்கப்புறம்தான் உள்ள எயுதனாங்க. அவங்க சொல்லல. நானும் கேக்கல.”

அவ்வளவுதான். வாழ்நாளில் ஒரே ஒரு ரகசியத்தைக் கட்டிக் காத்தேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்த எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் நான்தான் மடையன் மாதிரி வண்டி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

மறுநாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தால் பவளம் குளித்துவிட்டு விளக்கேற்றிக்கொண்டிருக்கிறாள். சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். வண்டியும் இல்லை, நான் எங்கேயும் போகப் போவதும் இல்லை, யாருக்குப் பொட்டு என்று உள்ளேயிருந்து கேட்டேன்.

“வெளிப்பக்கம் எனுக்குன்னு வுட்டுக் குடுத்தாங்க இல்ல. சும்மா வுட முடியுமா?”

சொல்லிக்கொண்டே எண்ணெய் விரலால் பெருமாள் பெயர் மேல் அழுத்திப் பொட்டு வைத்தாள்.